புகழ்ச்சியும் விலையும்

ஆங்கிலம் பயிலும் மாணவருக்கு இளமையிலேயே அறிமுகமாகும் வினைச்சொற்களுள் 'பிரெய்ஸ்' என்பதும் ஒன்று. புகழ்தல், பாராட்டுதல், துதித்தல் என்று அகராதிகள் அதற்குப் பொருள் கூறும். பொருள் எளிதாய் விளங்குவதால், அதனை மேலும் ஆராயாது கடந்து செல்வோரே பலர். ஆயினும் அச்சொல் பிறந்த இடம் புலவர் அவையுமன்று, வழிபாட்டு மண்டபமுமன்று. பொருளை எடைபோட்டு விலை கூறும் சந்தையே அதன் பிறப்பிடம். சந்தையிற் பிறந்த சொல் எவ்வாறு சான்றோர் அவைக்கும் ஆலயத்துக்கும் சென்றது என்பதை அறிந்துகொண்டால், புகழ்ச்சி எனப்படுவது யாது, எவ்வகைப் புகழ்ச்சிக்கு மதிப்பு உண்டு என்ற வினாக்களுக்கும் ஓரளவு விடை கிடைக்கும்.

இலத்தீன் மொழியில் 'பிரெத்தியும்' என்றொரு பெயர்ச்சொல் உண்டு. விலை, மதிப்பு, கைம்மாறு என்பன அதன் பொருள்கள். பிற்கால இலத்தீனில் அதிலிருந்து, விலை மதித்தல் என்று பொருள்படும் வினைச்சொல் ஒன்று தோன்றியது. பழைய பிரெஞ்சு மொழியினர் அவ்வினையைத் தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்கினர். 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. அக்காலத்தை அடுத்து ஆங்கிலத்தினுட் புகுந்த எண்ணற்ற பிரெஞ்சுச் சொற்களோடு இவ்வினையும் புகுந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இது காணப்படுகிறது. விலை மதித்தல், உயர்வாகக் கருதுதல், அக்கருத்தை வாய்விட்டுச் சொல்லுதல் ஆகிய மூன்று பொருள்களும் அந்நாளில் அதற்கு உரியனவாயிருந்தன. காலப்போக்கில் முதற் பொருள் தேய்ந்து மறைய, இறுதிப் பொருளே நிலைபெற்றது.

ஒரே வேரிலிருந்து கிளைத்த ஆங்கிலச் சொற்கள் பலவுள. விலையைக் குறிக்கும் 'பிரைஸ்' அவற்றுள் ஒன்று. பரிசைக் குறிக்கும் சொல்லும் அதன் உடன்பிறப்பே. தமிழ் எழுத்தில் எழுதுங்கால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், ஆங்கில உச்சரிப்பில் இறுதி ஒலி மட்டும் வேறுபடும். நகையையும் நிலத்தையும் பார்த்து மதிப்பீடு செய்வதை 'அப்ரெய்ஸ்' என்பர். அருமைப்பாடுடையதை 'பிரெஷியஸ்' என்பர். 'அப்ரிஷியேட்' என்னும் சொல்லின் நிலை இன்னும் சுவையானது. வணிகர் ஏட்டில் அது சொத்தின் விலை ஏறுவதைக் குறிக்கும். நண்பர் கடிதத்திலோ செய்த உதவியின் அருமையை உணர்ந்திருப்பதைக் குறிக்கும். அதன் எதிர்மறையான 'டிப்ரிஷியேட்' விலை இறங்குவதைச் சொல்லும். இவ்வாறு ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் கடைத்தெருவிலும் சிலர் சபை மேடையிலும் வாழ்வதுபோல இச்சொற்கள் வாழ்கின்றன. ஜெர்மன் மொழியில் இப்பிரிவினை இன்னும் முற்றாக நிகழவில்லை. அங்கே விலைக்கும் பரிசுக்கும் இன்றும் ஒரே சொல்தான். புகழ்தலைக் குறிக்கும் வினையொன்றும் அதனோடு உறவுடையது.

பிரெஞ்சுச் சொல் வருமுன் ஆங்கிலேயர் புகழ்வதற்குச் சொல்லின்றி இருந்தனர் என்று எண்ணலாகாது. 'ஹெரியன்' என்றும் 'லோஃபியன்' என்றும் பழைய ஆங்கிலத்தில் இரு வினைகள் வழங்கின. இறைவனைத் துதிப்பதற்கும் வீரனைப் பாடுவதற்கும் அவை பயன்பட்டன. புதிய சொல்லின் வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டாது அவை வழக்கொழிந்தன. பழைய வினைகளுக்கு விலை என்னும் கருத்து அடிப்படையன்று. புதிய வினையிலோ அது அடிப்படையாகவே இருந்தது. ஆகவே, புகழ்தல் என்பது வெறும் ஆரவாரமன்று, மதிப்பிட்டுக் கூறும் செயல் என்ற எண்ணம் அச்சொல்லோடு சேர்ந்தே ஆங்கிலத்துக்கு வந்தது எனலாம்.

தமிழுக்கு இது புதிய எண்ணமன்று. 'மதி' என்னும் வினையை நோக்குக. ஒரு வீட்டுக்கு விலை மதிப்பதும் ஒரு பெரியாரை மதிப்பதும் தமிழில் ஒரே சொல்லால் நிகழ்கின்றன. 'மதிப்பு' என்றால் விலையுமாம், மரியாதையுமாம். நூலொன்றை ஆராய்ந்து அதன் குணங்குற்றங்களைச் சொல்லும் கட்டுரைக்கு 'மதிப்புரை' என்று பெயரிட்டவர்கள், அளந்து சொல்லுதல், பாராட்டிச் சொல்லுதல் என்ற இரு பொருளையும் அதில் அடக்கிவிட்டனர். வடமொழியிலும் 'அர்க' என்பது விலையையும் குறிக்கும், விருந்தினருக்குச் செய்யும் மரியாதையையும் குறிக்கும். தகுதி என்ற பொருளில் தமிழர் வழங்கும் 'அருகதை' அவ்வினத்தைச் சேர்ந்ததே. வழிபாட்டைக் குறிக்கும் 'வர்ஷிப்' என்ற ஆங்கிலச் சொல்லும், மதிப்பு எனப் பொருள்படும் 'வர்த்' என்பதன் வழிவந்தது. மக்கள் பல நாடுகளில் தனித்தனியே வாழ்ந்தும் இவ்விடயத்தில் ஒரே வழியிற் சிந்தித்திருக்கின்றனர்.

விலையும் புகழும் நெருங்கி உறவாடிய இடமொன்றை இலங்கையிற் காட்டவேண்டுமாயின், புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையைக் காட்டலாம். தெற்கே சிலாபம், வடக்கே கற்பிட்டிக் குடாநாடு, நடுவே உப்பளங்கள் சூழ்ந்த புத்தளம் வாவி என அமைந்த கரை அது. அதற்கு வடக்கே மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபங்கள் பரந்து கிடந்தன. சிலாபம் என்ற ஊர்ப்பெயரே முத்துக்குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்' என்னும் சொல்லின் திரிபு என்று, 1886இல் வெளிவந்த 'ஹொப்சன் ஜொப்சன்' என்ற புகழ்பெற்ற சொல்லகராதி கூறுகிறது. முத்துக்குளிப்பு இன்று பழங்கதையாகிவிட்டது. ஆனால் 1905ஆம் ஆண்டில், மாவட்டத்தின் வடவெல்லைக்கு அப்பால் மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன என்பதைக் கொண்டு, அத்தொழில் ஒரு காலத்தில் எத்துணைப் பெரிதாயிருந்தது என்பதை உணரலாம்.

முத்தை மதிப்பிடும் முறை மிக நுட்பமானது. சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி எடுத்த முத்துக்களை, பித்தளையாற் செய்த பத்துச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இடுவர். முதற் சல்லடையில் இருபது துளைகள். இறுதிச் சல்லடையில் ஆயிரம் துளைகள். துளைகளின் தொகை கூடக்கூட அவற்றின் அளவு சிறுக்கும். பெரிய முத்துக்கள் முதலிலும் சிறியன பின்னும் தங்கும். அளவு பிரித்தபின் வடிவும் ஒளியும் நோக்கி இனம் பிரிப்பர். உருண்டு திரண்டு மாசின்றி ஒளிர்வது ஆணி. கடைநிலையில் நிற்பது தூள். அதன்பின் மஞ்சாடி, கழஞ்சு என்னும் நிறைகளால் எடை பார்ப்பர். உயர்ந்த இனத்து முத்துக்களுக்கு எடையை மட்டும் கொண்டு விலை கூறுவதில்லை. எடையை எடையாற் பெருக்கி வரும் தொகையை அடிப்படையாகக் கொண்டு 'செவ்வு' என்றொரு கணக்கை வகுத்திருந்தனர். இதனால், ஒரு முத்தைப்போல இருமடங்கு எடையுள்ள மற்றொரு முத்து நான்கு மடங்கு செவ்வு பெறும். இத்தனை சல்லடைகளையும் கடந்து வந்த பின்னரே 'இது ஆணிமுத்து' என்று வல்லுநர் வாய்திறப்பர். அவ்வொரு சொல் முத்துக்கு விலையுமாயிற்று, புகழுமாயிற்று. ஒருவருடைய கையெழுத்தைப் பாராட்டுகையில் 'முத்து முத்தாக எழுதுகிறார்' என்று தமிழர் கூறுவதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

இக்கரையில் ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஓர் உரையாடல், புகழ்தல் என்ற செயலின் இரு முகங்களையும் ஒருங்கே காட்டுகிறது. மொறோக்கோ நாட்டிற் பிறந்த பயணியான இபுன் பதூதா, 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து தென்னிந்தியக் கரையை நோக்கிப் புறப்பட்டார். காற்று திசைமாற்றிக் கப்பலை இலங்கைக் கரைக்குக் கொண்டுவந்தது. அவர் 'பத்தாலா' என்று குறிப்பிடும் இடம் புத்தளமே என்பது அறிஞர் கொள்கை. மரத்தாலான மதிலும் காவற் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகிய நகர் அது என்றும், அங்கே ஆரியச் சக்கரவர்த்தி என்னும் மன்னனைக் கண்டதாகவும் அவர் தம் பயண நூலிற் கூறுகிறார். மன்னன் பாரசீக மொழியை விளங்கிக்கொள்பவனாக இருந்தான். பயணியை மதித்து விருந்தோம்பினான்.

ஒருநாள் இபுன் பதூதா அவைக்குச் சென்றபோது, சலாபத்திலிருந்து வந்த முத்துக்கள் மன்னன்முன் குவிந்திருந்தன. அலுவலர்கள் நல்லனவற்றை வேறாகவும் மற்றவற்றை வேறாகவும் பிரித்துக்கொண்டிருந்தனர். அவர் வந்த நாடுகளில் முத்துக்குளிப்பைக் கண்டதுண்டா என்று மன்னன் வினவினான். பாரசீகக் குடாவின் கைஸ் தீவிற் கண்டதாக அவர் விடையிறுத்தார். சில முத்துக்களைக் கையிலெடுத்த மன்னன், இவற்றுக்கு ஒப்பானவை அங்கே உண்டா என்று கேட்டான். அங்கே தாம் கண்டவை இவற்றிற் குறைந்தனவே என்றார் பயணி. மன்னன் மகிழ்ந்து, அம்முத்துக்களை அவருக்கே அளித்துவிட்டான். மேலும் வேண்டுவன கேட்குமாறும் பணித்தான். பாவாத மலையைத் தரிசிக்கும் வசதியொன்றையே பயணி வேண்டிப் பெற்றார்.

இங்கே நிகழ்ந்தது யாது? முத்துக்களுக்கு ஒரு மதிப்பீடு நிகழ்ந்தது. அம்மதிப்பீடே மன்னனுக்குப் புகழுரையாயிற்று. அப்புகழுரைக்கு விலையாக முத்துக்களே கிடைத்தன. 'பிரெய்ஸ்' என்ற சொல்லின் பழம்பொருளும் புதுப்பொருளும் ஒரே நிகழ்ச்சியிற் கைகோத்து நிற்கின்றன. ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. இபுன் பதூதா உண்மையாகவே ஒப்பிட்டுக் கூறினாரா, அன்றி அந்நிய மன்னன்முன் நிற்கும் விருந்தாளி என்ற முறையில் முகமன் கூறினாரா? கைஸ் தீவின் முத்துக்களைக் கண்ணாற் கண்டவர் அவர். ஆகவே ஒப்பிடும் தகுதி அவருக்கு உண்டு. மன்னனுடைய தயவை நாடி நின்றவரும் அவரே. ஆகவே உயர்த்திக் கூறும் தேவையும் அவருக்கு உண்டு. சொன்ன சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வையத்தைத் தீர்க்க இயலாது. மெய்ப்புகழ்ச்சியும் முகத்துதியும் பெரும்பாலும் ஒரே சொற்களையே அணிந்து வருகின்றன. சொல்லுக்குப் பின்னால் அளவுகோல் ஒன்று உண்டா, அந்த அளவுகோலைப் பயன் கருதி வளைத்தனரா என்பதே இரண்டையும் பிரிக்கும் எல்லை.

ஆங்கில மொழி இவ்வேறுபாடுகளைத் தனித்தனிச் சொற்களாற் காட்டுகிறது. முகத்துதி செய்வதை 'ஃபிளாட்டர்' என்பர். அது கையால் தடவிக்கொடுத்தல் என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பர். தமிழிலும் தடவிக்கொடுத்துப் பேசுதல் என்ற வழக்கு உண்டன்றோ! 'எக்ஸ்டோல்' என்பது மேலே தூக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. தமிழர் தூக்கிப் பேசுதல் என்பதற்கு அது இணையாகும். 'கொமெண்ட்' என்பது ஒருவரிடம் ஒப்படைத்தல் என்ற அடிப்படையில் எழுந்தது. ஆதலால், நம்பி ஏற்கத்தக்கது என்று சான்று கூறிப் பாராட்டுவதே அதன் இயல்பு. 'லோட்' என்பது பெரும்பாலும் பொதுமக்கள் நடுவே, ஏடுகளிலும் மேடைகளிலும், பெருமைப்படுத்திச் சொல்லுதலுக்கு உரியது. இவையெல்லாவற்றுக்கும் நடுவே, வீட்டிலும் பள்ளியிலும் ஆலயத்திலும் ஒருங்கே வழங்கும் பொதுச்சொல்லாக 'பிரெய்ஸ்' நிற்கிறது.

அதனைப் பயன்படுத்தும் முறையிலும் மாணவர் கவனிக்கவேண்டியன சில உள. தமிழில், 'அவள் நன்றாகப் பாடினாள் என்று ஆசிரியர் புகழ்ந்தார்' என்று எழுதுவது முற்றிலும் சரி. ஆங்கிலத்தில் இவ்வினைக்குப்பின் அத்தகைய 'என்று' வாக்கியம் வருவதில்லை. யாரைப் புகழ்ந்தார் என்பதை முதலிற் கூறி, எதற்காகப் புகழ்ந்தார் என்பதை 'ஃபோர்' என்னும் இடைச்சொல்லோடு கூறுதல் வேண்டும். 'ஆசிரியர் அவளை அவளுடைய பாட்டுக்காகப் புகழ்ந்தார்' என்ற அமைப்பே அங்கே பொருந்தும். காரணத்தைப் பிரித்துக் காட்டும் இவ்வமைப்பு நல்லதொரு பயிற்சியும் ஆகும். மற்றொரு வேறுபாடும் உண்டு. தமிழில் 'புகழ்' என்பது வினையாகவும் நிற்கும், பெயராகவும் நிற்கும். வினையாகுங்கால் பிறரைப் பாராட்டுதல். பெயராகுங்கால் ஒருவர் ஈட்டிய கீர்த்தியையும் குறிக்கும். ஆங்கிலத்தில் கீர்த்திக்கு 'ஃபேம்' என்ற வேறு சொல் உண்டு. திருக்குறளில் ஈகை என்னும் அதிகாரத்தை அடுத்தே புகழ் என்னும் அதிகாரம் அமைந்திருப்பது, செயலே புகழுக்கு முதல் என்ற தமிழர் கொள்கையை முறைவைப்பாலேயே உணர்த்துகிறது.

விலையோடு பிறந்த சொல்லை இறைவன்மீது வழங்கலாமோ என்று சிலர் வினவக்கூடும். இறைவனுக்கு விலை கூறுவார் யார்? ஒரு சொல் தன் பிறப்பை மறந்து உயர்ந்த பொருளை அடைவதுண்டு என்பதே இதற்கு விடை. புத்தளக் கரையில் வாழும் பல சமயத்தவரின் வழக்கு இதனை நன்கு விளக்கும். சிலாபத்தை அடுத்த முன்னேசுவரத்திற் 'போற்றி' என்னும் ஒலி எழுகிறது. கற்பிட்டிக் குடாநாட்டின் தலவிலவிலுள்ள புனித அன்னம்மாள் திருத்தலத்தில் துதியும் தோத்திரமும் எழுகின்றன. புத்தளத்துப் பள்ளிவாசலில் புகழனைத்தும் இறைவனுக்கே என்ற கருத்துடைய வாசகம் ஓதப்படுகிறது. ஆங்கிலத்தில் எழுதுவோர் இம்மூன்றையும் 'பிரெய்ஸ்' என்ற ஒரு சொல்லாலேயே சுட்டுவர். தமிழோ ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் தருகிறது. அவற்றுள்ளும் 'போற்று' என்பதற்குப் புகழ்தல் என்ற பொருளோடு பாதுகாத்தல் என்ற பொருளும் உண்டு. புகழத்தக்கதைப் பேணவும் வேண்டும் என்ற கருத்து அச்சொல்லுள் அடங்கியிருக்கிறது.

புகழ்ந்ததைப் பேணிக்காத்த ஒருவர் இதே கரையிற் பிறந்தார். சைமன் காசிச்செட்டி 1807ஆம் ஆண்டு கற்பிட்டியிற் பிறந்தவர். பல மொழிகளைக் கற்றுத் தேர்ந்து, புத்தளத்தில் மணியகாரராகக் கடமையாற்றினார். 1834இல், தமது இருபத்தேழாம் வயதில், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் விளைபொருள்களையும் விவரிக்கும் 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்னர்ச் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக விளங்கி, சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் அமர்ந்தார். 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சாகி வெளிவந்த 'தமிழ் புளூட்டாக்' என்ற ஆங்கில நூல், அவர் பெயரை நிலைநிறுத்தியது. கிரேக்க உரோம நாடுகளின் பெரியோர் வரலாறுகளை எழுதிய புளூட்டாக்கின் பெயரைத் தாங்கிய அந்நூலில், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த ஏறக்குறைய இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாறுகள் தொகுக்கப்பட்டன.

அந்நாளில் தமிழ்ப் புலவரைப் புகழும் மரபு இல்லாமலில்லை. நூல்களின் முகப்பிற் சாற்றுகவிகளும் சிறப்புப்பாயிரங்களும் நிறைந்திருந்தன. ஆனால் கடலென்றும் கற்பகமென்றும் எல்லாப் புலவரையும் ஒரே வகையாற் பாராட்டினால், யார் எந்நாட்டினர், எக்காலத்தினர், எந்நூல் இயற்றினர் என்பது பின்வருவோருக்கு விளங்குவதில்லை. சிப்பியைத் திறவாமலே ஆயிரக்கணக்கில் ஏலங்கூறி விற்பது முத்துக்குளிப்பில் வழக்கம். ஆயினும் அங்கேகூட முன்னதாகச் சில சிப்பிகளை மாதிரிக்கு எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டுப் பார்ப்பர். நூலைத் திறவாது பாடப்படும் பாயிரத்துக்கு அந்த மாதிரிச் சோதனையும் இல்லை. காசிச்செட்டியார் கையாண்ட முறை வேறு. புலவரின் ஊர், காலம், இயற்றிய நூல்கள் என்பவற்றைத் தம்மால் இயன்றவரை திரட்டி நிரல்படுத்தினார். பல இடங்களில் செய்யுளை எடுத்துக்காட்டி, அதன் பொருளை ஆங்கிலத்தில் தந்தார். கர்ணபரம்பரைக் கதைகள் அந்நூலில் உண்டு. அவர் கூறிய காலங்கள் சிலவற்றைப் பிற்கால ஆராய்ச்சி ஏற்கவுமில்லை. எனினும் திருத்துதற்கு இடந்தரும் வகையில் செய்திகளை வெளிப்படையாக வைத்தமையே அவருடைய தொண்டு. 1886இல் சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளிவந்தபோது, அம்முயற்சி தமிழிலேயே தொடர்ந்தது.

புத்தளத்தில் மன்னனை மகிழ்வித்த பயணிக்கு உடனே முத்துக்கள் கிடைத்தன. கற்பிட்டியிற் பிறந்த அறிஞர் மதிப்பிட்ட புலவர்களோ மறைந்து நூற்றாண்டுகள் கழிந்தவர்கள். அவர்கள் கையால் ஒரு காசும் அவருக்குக் கிடைத்தற்கில்லை. நூல் வெளிவந்த மறுவருடம், 1860இல், அவரும் மறைந்தார். கைம்மாறு கருதாத புகழ்ச்சிக்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

புகழ்வதற்குச் செலவில்லை என்று மக்கள் எண்ணுகின்றனர். சொல்லின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. தகுதியற்றதை ஆணி என்று சொல்லிய முத்து வணிகனை அடுத்த ஆண்டு சந்தையில் எவரும் நம்பமாட்டார். அளவின்றிப் புகழ்வோர் நிலையும் அதுவே. அவர் உண்மையாகப் பாராட்டும் நாளிலும் அப்பாராட்டு விலைபோகாது. மறுபுறத்தில், தகுதியுடையதைக் கண்டும் வாய்திறவாதிருப்பது, நல்ல முத்தைத் தூளோடு சேர்த்து விற்பதற்கு ஒப்பாகும். வகுப்பில் ஒரு பிள்ளையின் கட்டுரை நன்றாயிருந்தால், 'மிக நன்று' என்று மட்டும் எழுதாது, எவ்வாக்கியம் நன்று, எக்காரணத்தால் நன்று என்று ஆசிரியர் சுட்டிக்காட்டட்டும். அப்பிள்ளை அடுத்த கட்டுரையை எழுதும்போது, தன்னிடம் உள்ளதன் மதிப்பு இன்னதென்று அறிந்தே எழுதும். 'பிரெய்ஸ்' என்னும் சொல் தன் பிறப்பிலேயே கொண்டுவந்த பொருளும் அதுவே.